காத்தாயி அக்கா வைக்காத கைநாட்டு

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஐயா பெயர் கூப்பிடும்போது உரியவர் "ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். அன்று அவர் "காத்தாயி" என்றார். குரல் வரவில்லை. தலையை நிமிர்த்தாமலே மறுபடியும் கூப்பிட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற லொறி கிளீனர்தான் பதில் சொன்னார்.

"அது பதுளை ஆஸ்பத்திரியில முடிஞ்சு போச்சுங்க. இப்பத்தான் லொறி வந்துச்சு."

கணக்கப்பிள்ளை ஐயா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, ஒரு கோடு இழுத்தார். "பேர வெட்டியாச்சு" என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்த பெயர் கருப்பாயி அத்தையுடையது. அத்தை கையை மட்டும் தூக்கினார். பனி விலகாத அந்தக் களத்தில் ஒருவரும் அழவில்லை. வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

உங்களில் பலருக்குக் காத்தாயி அக்காவை என்னைவிட அதிக நாளாகத் தெரியும். தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை முன்னால் வைத்ததற்காக அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் என்று அவரை நினைப்பவர்களும் இருக்கிறீர்கள். வாசிகசாலையின் கையெழுத்து இதழுக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேலை செய்யும் அறைக்குக் குச்சிக் காம்பரா என்று பெயர். வறுத்துச் சலித்த தேயிலையைச் சாக்கில் கொட்டிப் பரப்பி, அதில் கிடக்கும் காம்புகளைப் பொறுக்கி எடுப்பது எங்கள் வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டும். பேசினால், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். நான் அங்கே சேர்ந்த புதிதில் யாரோடும் பேசவில்லை. காத்தாயி அக்கா சில நாள் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கருப்பாயி அத்தையிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"இந்தப் புள்ளைக்கு வாய் இருக்கா, இல்ல பொட்டு வச்ச மாதிரி வரைஞ்சு விட்டிருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். "பல்லு இருக்கு, அப்ப வாயும் இருக்கும்" என்று முடிவு செய்துவிட்டு அவர் தன் குவியலுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு என்னைப் பேசச் சொல்லி அவர் வற்புறுத்தியதில்லை. இருவருக்குமாகச் சேர்த்து அவரே பேசிக்கொண்டார்.

அவர் நல்ல குணம் மட்டுமே உள்ளவர் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவருக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டதை நான் பார்த்ததேயில்லை. கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் பந்தியில் சோறு வேகாமல் நறுக் நறுக்கென்று இருந்தது. கங்காணி வீட்டுச் சோறு என்பதால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். அக்கா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "என்னா கங்காணி, சோறுன்னு கூப்புட்டு அரிசியப் போட்டிருக்கீங்க?"

கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் சாப்புடுறாங்கள்ல? ஒனக்கு மட்டும் என்னா தனி நாக்கு?"

"எல்லாருக்கும் பல்லு வலிக்குது. கேட்டுப் பாருங்க."

கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் உள்ளே போய் அண்டாவை மறுபடியும் அடுப்பில் ஏற்றினார்கள். அடுத்த பந்திகள் நல்ல சோறு சாப்பிட்டன. அக்காவுக்குக் கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது. அதற்குள் பாயாசம் தீர்ந்துவிட்டது. அந்தப் பாயாசத்தைப் பற்றி அவர் பல நாள் புலம்பினார். "ஏன்க்கா சொன்னீங்க?" என்று கருப்பாயி அத்தை கேட்டதற்கு, "என்னா செய்ய, கண்ணுல பட்டா வாயில வந்துருது" என்றார். அதில் பெருமை ஒன்றும் இல்லை. தும்மல் வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பேச்சியின் கை போன நாள் வரை இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

சல்லடை மெசினை ஓட்டும் பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலையால் ஒரு மறைப்பு உண்டு. நாங்கள் அதைக் கூண்டு என்போம். தேயிலைத் தூசி கூண்டுக்குள் அடைந்தால் மெசினை நிறுத்திக் கூண்டைக் கழற்றித் துடைக்க வேண்டும். கொழுந்து அதிகமாக வந்த மாதத்தில், நிறுத்தினால் நேரம் போகிறது என்று டீமேக்கர் ஐயா கூண்டைக் கழற்றி விறகுக் கொட்டகைப் பக்கம் போடச் சொன்னார். மெசின் ஓட ஓடவே அடியில் தூசியைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கட்டளை. கூட்டுவது பேச்சியின் வேலை. அவளுக்கும் என் வயதுதான். அவள் விளக்குமாற்றை உள்ளே நீட்டியதை நான் பார்த்தேன். பெல்ட் விளக்குமாற்றை இழுத்தது. அவள் விடவில்லை. விளக்குமாறு உடைந்தால் ஏச்சு விழும் என்று பயந்திருப்பாள். மற்றதை எழுத எனக்கு மனமில்லை. வலது கையில் பெருவிரலும் அடுத்த விரலும்தான் மிஞ்சின.

அவளை லொறியில் ஏற்றி அனுப்பிய கையோடு கூண்டு திரும்பி வந்தது. மாலைக்குள் அதை மெசினில் பூட்டி, தூசி தட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்தும் வைத்துவிட்டார்கள். கூண்டு இருந்தது, பிள்ளை கவனமில்லாமல் அதற்குள் கையை விட்டாள் என்று தொழிற்சாலையிலிருந்து ஆபீசுக்குச் சொல்லப்பட்டது. சட்டப்படி மெசினுக்குக் கூண்டு இருக்க வேண்டும். கூண்டு இல்லாமல் கை போயிருந்தால் தோட்டம் பேச்சிக்கு நட்டஈடு கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். கூண்டு இருந்து கை போயிருந்தால் அது அவள் தலையெழுத்து. அவளுக்கு வேலையும் கிடையாது, வேறொன்றும் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். எல்லாம் அந்தக் கம்பி வலையில் தொங்கியது.

விசாரிக்க அரசாங்கத்தின் தொழில் கந்தோரிலிருந்து ஆபீசர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் காற்சட்டை, மெல்லிய குரல். எங்களைத் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். டீமேக்கர் ஐயா பக்கத்திலேயே நின்றார்.

"உங்களுக்கு ஏதும் முறைப்பாடு இருக்கோ? பயப்பிடாமல் சொல்லலாம்" என்று ஆபீசர் கேட்டார்.

எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. பிராது என்று கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். எங்கள் பேச்சில் மொறைப்பு என்றால் கண்ணை உருட்டிப் பார்ப்பது, அடங்காமல் நிற்பது. வரிசையில் மூத்தவரான முனியாண்டித் தாத்தா பதறிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டார். "இல்லீங்க சாமி. இங்க யாரும் யாரையும் மொறைக்கிறதில்லீங்க. அடக்க ஒடுக்கமாத்தான் இருக்கோம்."

ஆபீசர் எழுதத் தொடங்கினார். முன்பு வந்த ஆபீசர்மாரும் இதே சொல்லைக் கேட்டு, இதே பதிலை எழுதிக்கொண்டுதான் போயிருப்பார்கள். டீமேக்கர் ஐயாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அவருக்கு இரண்டு தமிழும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது காத்தாயி அக்கா பேசினார்.

"நாங்க மொறைக்கலீங்க. மொறச்சது அந்த மெசினுதாங்க. இப்பத்தான் கூண்டு போட்டதும் கண்ண மூடிக்கிட்டு நிக்குது. அந்தப் புள்ள கை போனன்னைக்கு நல்லாத் தொறந்து வச்சுக்கிட்டு மொறச்சுச்சு."

ஆபீசருக்கு முதலில் விளங்கவில்லை. பேனாவை நிறுத்தி, "அது என்னெண்டு விளங்கச் சொல்லுங்கோ" என்றார். அக்கா சொன்னார். எந்த மாதம் கழற்றினார்கள், யார் சொல்லிக் கழற்றினார்கள், எங்கே போட்டார்கள், எப்போது திரும்பப் பூட்டினார்கள் என்பதையெல்லாம் சொன்னார். டீமேக்கர் ஐயா ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, ஆபீசர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு அக்காவிடம் கேட்டார்: "வேறை ஆர் பாத்தது?"

"நான் மட்டுந்தாங்க."

அது உண்மையில்லை. குச்சிக் காம்பராவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். வரிசை அசையவில்லை. கருப்பாயி அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை, "நானும் பாத்தேங்க" என்றேன். ஆபீசர் இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

போகும்போது அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முறைப்பாடு செய்ததுக்காக ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்ட ஏலாது. அப்பிடி நிப்பாட்டினால் எனக்குச் சொல்லுங்கோ." டீமேக்கர் ஐயாவும் தலையை ஆட்டினார்.

அக்கா எனக்கு நன்றி சொல்வார் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி நன்றாக ஏசினார்.

"ஒன்ன யாருடி கேட்டா? இத்தன நாளா ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு, வாயத் தொறக்க இந்த நேரந்தானா கெடச்சுச்சு? நான் ஒருத்தி மாட்டுனாப் போதாதா? எனக்கு ஒரு காம்பரா, ஒரு சட்டி. ஒங்கப்பனுக்கு எத்தன வயிறு?"

நான் அழுதேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். துடைக்கும்போதும் ஏச்சு நிற்கவில்லை.

அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதைத்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். அவருடைய பெயரில், அதாவது நாள் கூலிக் கணக்கில், ஒரு நாளும் குறைக்கவில்லை. குச்சிக் காம்பராவிலிருந்து எடுத்து, கொழுந்தெடுக்க உச்சிமலைக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அவருக்கு இளைப்பு இருந்தது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முன்பு அவரைத் தொழிற்சாலைக்குள் போட்டிருந்தார்கள். உச்சிமலைக்கு ஏறவே காலை நேரம் போய்விடும். அங்கே காற்று சும்மா இருக்காது. கூடையோடு அவர் பாதி மலையில் உட்கார்ந்திருப்பதைக் கீழே இருந்து பார்த்திருக்கிறேன்.

முறைப்படி கேட்க வேண்டுமென்று அவர் முதலில் கங்காணியிடம் போனார். கங்காணி சிரித்தார். "மலை ஒசரமா இருக்குன்னு தொரைகிட்டப் பிராது குடுக்கவா சொல்ற? வேணும்னா மலையக் கொஞ்சம் வெட்டச் சொல்லட்டா?" கணக்கப்பிள்ளை ஐயாவிடம் போனால், அவர் மறுபடியும் கங்காணியிடமே போகச் சொன்னார். துரை வழக்குக் கேட்கும் நாளில் அக்கா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே துரை, பக்கத்தில் பெரிய கிளாக்கர். கிளாக்கரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அவர்தான் துரைக்காகக் கேட்டார். நான் என் அப்பாவுக்காக வேறு ஒரு விஷயமாக அங்கே போயிருந்ததால் என் காதில் விழுந்தது.

"உன்னை வேலையாலை நிப்பாட்டினவையோ?"

"இல்லீங்க."

"பேரைக் குறைச்சவையோ?"

"இல்லீங்க."

"ஆரும் அடிச்சவையோ, ஏசினவையோ?"

"இல்லீங்க."

"பிறகு என்ன முறைப்பாடு?"

அக்கா, "மூச்சு வாங்குதுங்க" என்றார்.

கிளாக்கர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை ஏதோ பதில் சொன்னார். "மருந்து எடுக்கட்டாம்" என்று கிளாக்கர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் அவருக்கு ஒரு போத்தல் சிவப்பு மருந்து கொடுத்தார்கள். அன்று திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது இது: "நிப்பாட்டுனாத்தான் வந்து சொல்லச் சொன்னாரு அந்த ஐயா. இவுங்க நிப்பாட்டவே மாட்டேங்கிறாங்களே, நான் எதப் போயிச் சொல்ல?"

அவருடைய மகள் ராசாத்தி மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி அந்த நேரத்தில்தான் வந்தது. மருமகன் ஆள் நல்லவர். மாமியார் வந்தால் அங்கே சமமான மலையில் வேலை வாங்கித் தரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் முதல் தோட்டத்து ஆபீஸ் பத்துச்சீட்டு எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் வேறு எந்தத் தோட்டமும் பெயர் பதியாது. பெயர் இல்லாதவருக்கு அரிசியும் இல்லை, காம்பராவும் இல்லை. மகள் வீட்டில் மூன்று நாள் விருந்தாளியாக இருக்கலாம், அதற்கு மேல் அந்தத் தோட்டத்தின் காவலுக்கு இருக்கும் வோச்சர் வந்து யார் என்று கேட்பார். "இந்தியாவுக்குப் போயிரேன்" என்று யாரோ சொன்னதற்கு, "அங்க யாரு இருக்கா எனக்கு? ஊரு பேரே எங்கப்பன் சொல்லிக் கேட்டதுதான். இங்க இருக்கிறவுங்க என்னய அங்கத்து ஆளுங்கிறாங்க, அங்க போனா இங்கத்து ஆளும்பாங்க" என்றார்.

அக்கா பத்துச்சீட்டு கேட்டார். ஆபீசில் தரவில்லை. காரணத்தைக் கிளாக்கர் ஒளிக்காமலே சொன்னார். விசாரணை முடியும் முன் அவரை அனுப்பினால், முறைப்பாடு செய்ததற்காக அனுப்பிவிட்டார்கள் என்று தொழில் கந்தோரில் எழுதுவார்கள். ஆகையால் அவர் இங்கேயே இருக்க வேண்டும். அவரைக் காப்பாற்ற ஆபீசர் சொன்ன சொல்லையே எடுத்து அவரைக் கட்டிப்போட்டார்கள். அதைக் கேட்டு அக்கா சிரித்தார். "நல்ல காவலுடி எனக்கு. போலீசு வச்ச மாதிரி" என்றார்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், கிளாக்கர் ஆள் அனுப்பினார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேசைமேல் தமிழில் எழுதிய ஒரு தாள் இருந்தது. பக்கத்தில் மைப்பெட்டி.

"காத்தாயி, இதிலை பெருவிரலை வை. வழக்குத் தீந்துது. நாளைக்கே உனக்குப் பத்துச்சீட்டு. மகளிட்டைப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கு."

அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்கும் மேலே ஆள் இருந்தது. அக்கா என்னைப் பார்த்து, "வாசி" என்றார்.

"ஏன், நான் வாசிச்சால் உனக்கு நம்பிக்கை இல்லையோ?" என்று கிளாக்கர் கேட்டார்.

"நம்பிக்க இருக்குங்க. ஒங்க தமிழுதான் எனக்கு மொறைப்பாடு மாதிரி. இந்தப் புள்ள வாசிச்சாத்தான் வெளங்கும்."

கிளாக்கரே சிரித்துவிட்டார். நான் வாசித்தேன். கூண்டு கழற்றப்பட்டிருந்ததாக நான் சொன்னது பொய், கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன், பேச்சி தன் கவனக்குறைவால் கூண்டுக்குள் கையை விட்டாள் என்பதே உண்மை என்று அதில் எழுதியிருந்தது. என் குரல் அடிக்கடி நின்றது. அக்கா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. பேசும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. அவர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருந்தது.

தாளுக்கு மேலே விரல் நின்றது.

"ஐயா, நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கிறது இருக்கட்டும். அதுக்கு வைக்கிறேன். அந்தப் புள்ள தானாக் கைய விட்டுச்சுங்கிறத மட்டும் எடுத்துருங்க."

"அது எப்பிடி எடுக்கிறது? ரெண்டும் ஒண்டுதானே. நீ சொன்னது பொய் எண்டால் கூண்டு இருந்தது. கூண்டு இருந்தால் அவள்தான் கையை விட்டவள்."

அக்கா அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் நின்றார்.

"அப்ப நான் பொய் சொல்லலீங்க" என்றார்.

சொல்லிவிட்டு விரலிலிருந்த மையைத் தன் சேலையிலேயே துடைத்தார். "யோசிச்சுப்போட்டு வா" என்றார் கிளாக்கர். அக்கா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வழியில் வேலியோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெற்றிலை இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "நல்ல சீல, மை போகாது" என்று முந்தானையைப் பார்த்து வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தாளா எழுதியிருந்தா ஒண்ணுல வச்சிருப்பேன்டி. பாவி மனுசன் ஒரே தாளுல எழுதிட்டாரு" என்றார். பிறகு அழுதார். பேரனுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று கேட்டு அழுதார்.

மழை வந்தது. இந்த முறை உச்சிமலையில் கம்பளிக்குள்ளும் தண்ணீர் இறங்கிற்று என்று போனவர்கள் சொன்னார்கள். அக்காவுக்குக் காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்துகொண்டன. லொறியில் ஏற்றும்போது அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது, அடுப்பில் இருந்த பருப்பை இறக்கி வைக்கும்படிதான். இறக்கி வைத்தேன். ராசாத்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் காம்பராவைப் பூட்டினாள். பூட்டிய சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று கங்காணி வாசலிலேயே நின்றார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். காரியம் முடிந்த வாரம் கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் அதே போல ஒரு தாள். என் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதால் மைப்பெட்டி இல்லை, பேனா இருந்தது.

"இனிக் காத்தாயிக்கு இதாலை ஒரு நட்டமும் இல்லை, பிள்ளை. செத்தவை ஒண்டுக்கும் கோவிக்க மாட்டினம். நீ ஒருத்திதான் மிச்சம். உன்ர அப்பாவையும் யோசி."

நான் பேனாவை எடுக்கவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். "யோசிச்சுப்போட்டு வா" என்று என்னிடமும் சொன்னார். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் தொழிற்சாலையில் அடுப்பெரிக்கிறவர். "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல பாப்பா" என்றார். விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. நான் தினமும் குச்சிக் காம்பராவுக்குப் போகிறேன். நான் போகாவிட்டால் அப்பாவுக்குக் கஷ்டம், போனால் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்கிறது. எனக்கும் வேறு போக இடமில்லை.

காத்தாயி அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பயமாகத்தான் இருக்கிறது. அவர் ஆபீசரிடம் சொல்லி, கடைசி வரை திருப்பி வாங்காமல் விட்டுப்போன ஒரு சங்கதி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை அவரை அறிந்த உங்கள் முன்னால் எழுதி வைக்கிறேன். பேச்சியின் கை போன அன்று அந்த மெசினில் கூண்டு இல்லை. அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன்.